தருமபுரி வெயிலில் கேட்லியா ஆர்க்கிட்: எந்த வகை பூக்கும், எது இலையோடு நின்றுவிடும்?

பாலக்கோட்டு மாடித்தோட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பச்சை நிழல்வலை கட்டிச் சில ஆர்க்கிட் செடிகளை வளர்த்து வருகிறேன். டென்ட்ரோபியம் வகைகள் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் ஆண்டுதோறும் பூத்துவிடுகின்றன. ஆனால் பெங்களூரில் ஒரு மலர்க் கண்காட்சியில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கி வந்த மூன்று கேட்லியாச் செடிகள், இலை விட்டுச் செழிப்பாக நிற்கின்றனவே தவிர, பூக்கவில்லை.

மூன்றும் தோற்றத்தில் ஒன்றுபோல் இல்லை. முதலாவதில், பருத்த தண்டான ஒவ்வொரு பல்பின் உச்சியிலும் ஒரே ஒரு தடித்த இலை இருக்கிறது; அதன் அட்டையில் 'ஆர்.எல்.சி.' என்ற எழுத்துகளை அடுத்து ஒரு பெயரும், அதற்குப் பின் மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயரும் உள்ளன. இரண்டாவது, மெலிந்து உயர்ந்த தண்டுகளின் உச்சியில் இரண்டிரண்டு இலைகளோடு நிற்கிறது, அட்டையில் 'சி.' என்று மட்டும் தொடங்கும் ஒரு பெயர். மூன்றாவது ஒரு சாண் உயரம்கூட இல்லாத குள்ளச் செடி. சிவப்புப் பூ என்று சொல்லி விற்றார்கள், அட்டையில் 'எஸ்.எல்.சி.' என்றிருக்கிறது. முதல் செடியில் சென்ற ஆவணியில் இலையின் அடியில் பச்சை நிறத்தில் ஓர் உறை தோன்றியது. அதற்குள்ளிருந்து மொட்டு வரும் என்று காத்திருந்தபோது, அது பழுப்பாகிக் காய்ந்துவிட்டது. அதை வெட்டிவிடலாமா என்று தெரியவில்லை.

இந்த எழுத்துகளுக்கு என்ன பொருள், இந்த வகைகளுக்குள் வளர்ப்பு முறையில் வேறுபாடு உண்டா, எங்கள் ஊர் வெப்பத்துக்கு எது ஒத்துவரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மூன்று செடிகளின் இலைகளும் நல்ல கரும்பச்சையாக இருக்கின்றன. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஊற்றுகிறேன்.

ஓசூர் நிழல்வலை எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கேட்லியாவின் இலை கரும்பச்சையாக இருந்தால் அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ரோஜாவுக்கோ குரோட்டனுக்கோ கரும்பச்சை ஆரோக்கியத்தின் அடையாளமாக இருக்கலாம். கேட்லியாவின் இலை சற்றே மஞ்சள் ஓடிய இளம்பச்சையாக இருக்க வேண்டும். அதற்கு 20,000 முதல் 30,000 லக்ஸ் வரை வெளிச்சம் தேவை. நம் பகுதியில் உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸை எட்டுவதால், கோடையில் எழுபது, எழுபத்தைந்து விழுக்காடு மறைக்கும் வலையும், ஐப்பசி முதல் தை வரை ஐம்பது விழுக்காடு வலையும் சரியாக இருக்கும். நீங்கள் இரண்டு மடிப்பாக வலை கட்டியிருந்தால் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இலை வெந்து வெள்ளையாகிவிடும், அந்தத் தழும்பு பின்னர் மறையாது. நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, வெயில் மிகுதி.

இனி வகைகளுக்கு வருகிறேன். செடி வாங்குகிறவர்கள் பூவின் நிறத்தைக் கேட்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியது அதன் தாய் தந்தை எந்த உயரத்திலிருந்து, எந்த வெப்பத்திலிருந்து வந்தவை என்பதைத்தான். கேட்லியா மத்திய அமெரிக்காவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கும் பேரினம். அமேசான், ஒரினோக்கோ படுகைகளின் தாழ்நிலப் புழுக்கத்தில் மரக்கிளைகளில் வளரும் கேட்லியா வயோலேசியாவும் கேட்லியாதான். பிரேசிலின் மலைமுகட்டு மூடுபனியில் பாசி படர்ந்த கிளையில் ஒட்டி வாழும் கேட்லியா காக்சினியாவும் கேட்லியாதான். இரண்டையும் ஒரே வலைக்கடியில் தொங்கவிட்டு ஒரே மாதிரி நீர் ஊற்றினால், ஒன்று பூக்கும், மற்றொன்று மெல்ல மெல்ல இளைக்கும்.

வளர்ப்பவர்கள் பொதுவாக இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். பல்புக்கு ஓர் இலை உடையவை ஒரு கூட்டம்: லேபியாட்டா, மோசியே, டிரையானே, வார்ஷெவிக்ஸி, டோவியானா முதலியவை. ஒரு தண்டில் சில பூக்களே வரும் என்றாலும் ஒவ்வொன்றும் பெரிது. வார்ஷெவிக்ஸியின் பூ ஒரு சாண் அகலத்தை எட்டும். மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டுத் தெரியும் உதட்டிதழ் அகன்று, ஓரம் சுருக்கம் சுருக்கமாக மடிந்திருக்கும். பல்புக்கு இரண்டு, சில நேரம் மூன்று இலை உடையவை மற்றொரு கூட்டம்: குட்டாட்டா, அமெதிஸ்டோகுளோசா, இன்டர்மீடியா, லாடிஜெசி, பைகலர், அக்லாண்டியே முதலியவை. இவற்றில் பெரும்பாலானவற்றின் பூக்கள் சிறியவை, இதழ் மெழுகுபோல் தடித்தவை. பலவற்றில் புள்ளிகளும் உண்டு. குட்டாட்டா போன்ற உயரமான இனங்கள் ஒரே கொத்தில் பத்துக்கு மேலும் பூப்பதுண்டு. உங்கள் இரண்டாவது செடி இந்தக் கூட்டத்தின் வழிவந்தது.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். எங்களுக்கு இரவில் இயல்பாகக் கிடைக்கும் குளிர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது. கேட்லியா பகலில் 28, 30 டிகிரியையும், இரவில் அதைவிட எட்டு அல்லது பத்து டிகிரி குறைவையும் விரும்பும். உங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் பகல் 37, 38 டிகிரியைத் தொடும்போது, தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்தைக் கூட்டுவதும் காற்றை ஓடவிடுவதும்தான் வழி. அந்த இரண்டு மாதங்களில் செடி பிழைத்தால் போதும் என்று இருங்கள்; உரத்தையும் குறைத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி தாவரவியல் ஆசிரியர் எழுதியது:

அட்டையில் உள்ள எழுத்துகளை விளக்குவது எளிது; அவை ஏன் அடிக்கடி மாறுகின்றன என்பதை விளக்கத்தான் சிறிது இடம் வேண்டும்.

பிரேசிலில் தாவரங்களைச் சேகரித்த வில்லியம் ஸ்வைன்சன் அனுப்பிய செடி ஒன்று, இங்கிலாந்தின் பார்னெட் நகரில் வில்லியம் கேட்லி என்பவரின் கண்ணாடி இல்லத்தில் 1818இல் பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதை ஆராய்ந்து, 1821இல் கேட்லியின் பெயராலேயே கேட்லியா லேபியாட்டா என்று பெயரிட்டார். வேறு செடிகளைப் பொதிந்து கட்டுவதற்கான குப்பையாகத்தான் அது கப்பலேறியது என்று ஒரு கதை நூற்றாண்டுக்கும் மேலாக உலவுகிறது. சுவையான கதை, ஆனால் ஆதாரமில்லாதது. ஸ்வைன்சன் தாம் அனுப்பியது இன்னதென்று அறிந்தே அனுப்பினார். அந்த இனம் வளரும் இடம் தெரியாமல் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தேடியது மட்டும் உண்மை. அந்தத் தேடலில்தான் மற்றப் பெரும்பூ இனங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இன்று டிரையானே கொலம்பியாவின் தேசிய மலர். மோசியே வெனிசுவேலாவின் தேசிய மலர்.

கேட்லியாவும் அதன் உறவுப் பேரினங்களும் தம்முள் எளிதாகக் கலக்கும். இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணை நிறுவனத்தின் ஜான் டொமினி உண்டாக்கிய முதல் கேட்லியாக் கலப்பினம் 1859இல் பூத்தது. அதன் பிறகு லேலியாவோடு கலந்தவை 'எல்.சி.' ஆயின, சிறிய சிவந்த பூவுடைய சோஃப்ரோனைட்டிஸும் (இன்றைய கேட்லியா காக்சினியா அப்போது இதில்தான் இருந்தது) சேர்ந்தபோது 'எஸ்.எல்.சி.' ஆயின. உதட்டிதழில் நூல் நூலாகக் குஞ்சம் தொங்கும் பச்சைப் பூவான டிக்பியானா என்ற இனம் அப்போது பிராசவோலா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததால், அதனோடு கலந்தவை 'பி.எல்.சி.' எனப்பட்டன.

பிற்காலத்தில் மரபணு ஆய்வு வந்தது. பிரேசில் நாட்டு லேலியாக்கள் மெக்சிகோவின் உண்மையான லேலியாக்களைவிடக் கேட்லியாவுக்கே நெருக்கமானவை என்பது தெரிந்து, அவை 2000இல் சோஃப்ரோனைட்டிஸுக்கும், 2008இல் சோஃப்ரோனைட்டிஸோடு சேர்த்துக் கேட்லியாவுக்குள்ளும் மாற்றப்பட்டன. டிக்பியானா ரிங்கோலேலியா ஆயிற்று. மத்திய அமெரிக்காவின் ஸ்கின்னெரி, பௌரிங்கியானா போன்ற இரட்டை இலை இனங்கள் 2003இல் குவாரியாந்தே என்று தனியே பிரிந்தன. ஆகவே பழைய 'எல்.சி.', 'எஸ்.எல்.சி.' அட்டைகளில் பெரும்பாலானவை இன்று வெறும் 'சி.', அதாவது கேட்லியா மட்டுமே, பழைய 'பி.எல்.சி.'யில் டிக்பியானா இருந்தால் அது 'ஆர்.எல்.சி.', அதாவது ரிங்கோலேலியோகேட்லியா. பெயர்களை மாற்றியவர்கள் மீது செடி வளர்ப்பவர்களுக்கு இன்னும் கோபம் உண்டு. எனக்கும் இதில் ஒரு சிறு வருத்தம்: பழைய எழுத்துகளைப் பார்த்ததும் செடியின் குருதியில் என்ன ஓடுகிறது என்பது தெரிந்துவிடும், புதிய 'சி.' அதை மறைத்துவிடுகிறது. உங்கள் மூன்றாவது அட்டை பழைய பெயரோடு இருப்பது ஒரு வகையில் நல்லதுதான். குளிர்மலைச் சிவப்புப் பூவின் வழி என்று அது எச்சரிக்கிறது.

மேற்கோள் குறிக்கு முன் உள்ள பெயர் அந்தக் கலப்பினத்தைக் குறிக்கும். ஒரே பெற்றோருக்குப் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் அது பொது. மேற்கோள் குறிக்குள் இருப்பது, அந்த உடன்பிறப்புகளில் சிறந்ததென்று தேர்ந்த ஒரே செடியின் பெயர். அதன் திசுவிலிருந்து பெருக்கியவையே அந்தப் பெயரைத் தாங்கலாம். எடுத்துக்காட்டாக, மஞ்சள் இதழும் சிவந்த உதடும் கொண்ட அல்மா கீ கலப்பினத்தில் 'டிப்மாலீ' என்பது ஒரு தனிச் செடி. அதன் பின்னால் 'ஏ.எம்./ஏ.ஓ.எஸ்.' என்று இருந்தால் அமெரிக்க ஆர்க்கிட் சங்கத்தின் நடுவர்கள் நூற்றுக்கு 80 முதல் 89 வரை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். விதையில் வளர்த்த செடியை அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

பென்னாகரத்துக்காரன் எழுதியது:

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நம் மாவட்டத்தில் கேட்லியாவைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அன்று, தண்ணீர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு ஒருபுறம் இருக்க, பல ஆழ்துளைக் கிணறுகளில் சுண்ணாம்பும் உப்பும் மிகுதி. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அந்த வெள்ளை, கேட்லியாவின் வேரிலும் படியும்.

இதன் வேர் மண்ணில் வாழும் வேர் அன்று. பஞ்சுபோன்ற வெண்ணிற உறை ஒன்று வேரைச் சுற்றியிருக்கிறது; மழை பெய்தவுடன் அது நீரை உறிஞ்சிப் பச்சையாகி, சில மணி நேரத்தில் காற்றில் உலர்ந்துவிட வேண்டும். உப்பு நீர் அதில் நாள்தோறும் காய்ந்தால், வளரும் பச்சை நுனி கருகிவிடும். நுனி கருகிய வேர் நீளாது, செடி பழைய பல்புகளில் உள்ள சேமிப்பைத் தின்றே காலம் தள்ளும். இலை பார்க்க நன்றாகவே இருக்கும், பூ வராது. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். கருவியால் உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 500ஐத் தாண்டினால் மாடியின் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் ஐப்பசி வரை நம் ஊரில் பெய்யும் மழை சில செடிகளுக்குத் தாராளமாகப் போதும். மழைநீர் தீர்ந்துவிட்டால், வடிகட்டிய நீரோடு கிணற்று நீரைக் கலந்து ஊற்றலாம். எப்படியானாலும் வாரம் ஒரு முறை நல்ல நீரை அடியில் ஒழுக ஒழுக ஊற்றி, தொட்டியில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

தொட்டி என்றால் பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டி. உள்ளே அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் பெரும்பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு சிறிதளவு. மட்டைத் துண்டைச் சில நாள் ஊறவைத்து, கறை நீரைப் பலமுறை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்; அதிலும் உப்பு உண்டு. தென்னை நார்த் தூள் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுகச் செய்யும். தொட்டி முழுதும் உலர்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

பாலக்கோட்டு மாடித்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வலை இரண்டு மடிப்புதான். ஓசூர் நண்பர் சரியாகச் சொல்லிவிட்டார். டி.டி.எஸ். 800க்கு மேல் காட்டுகிறது. ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். காய்ந்த உறையை வெட்டலாமா? மேலும், ஒரே இனத்தில் ஆல்பா, செமி ஆல்பா, செரூலியா என்றெல்லாம் எழுதி, சாதாரணச் செடியைப் போலப் பல மடங்கு விலை போடுகிறார்களே, அவை வேறு வகைகளா?

கிருஷ்ணகிரி தாவரவியல் ஆசிரியர் எழுதியது:

உறையை வெட்டாதீர்கள். ஒற்றை இலைக் கூட்டத்தில் பல இனங்கள் உறையை முன்கூட்டியே உண்டாக்கிவிட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுத்த பிறகுதான் மொட்டை மேலே அனுப்புகின்றன. காய்ந்த உறைக்குள்ளிருந்து பூப்பது அவற்றுக்கு இயல்பு. விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியில் நிழல்போல் சிறு மொட்டு தெரிந்தால் காத்திருக்கலாம். உறைக்குள் நீர் வியர்த்து நின்றால் மட்டும் நுனியைச் சிறிது கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டு அழுகும்.

இதோடு சேர்த்து ஒன்று. லேபியாட்டா, மோசியே, டிரையானே ஆகியவை இரவு நீண்டு பகல் குறுகுவதை உணர்ந்து மொட்டுக் கட்டுபவை. நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வேறுபாடு; அந்தச் சிறு வேறுபாட்டையும் மாடி விளக்கோ தெருவிளக்கோ அழித்துவிடக் கூடும். புரட்டாசி முதல் மார்கழி வரை செடி மீது இரவில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறங்களைப் பொறுத்தவரை, அவை தனி இனங்கள் அல்ல. ஓர் இனத்துக்குள் நிறமியில் ஏற்பட்ட வேறுபாடுகள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வழக்கமான நிறத்தை டிப்போ என்கிறார்கள். ஊதா நிறமி முழுதும் இல்லாமல், உதட்டின் தொண்டையில் மட்டும் மஞ்சள் தங்கியது ஆல்பா. இதழ்கள் வெள்ளையாகவும் உதடு மட்டும் ஊதாவாகவும் இருப்பது செமி ஆல்பா. நீலம் ஓடிய சாம்பல் ஊதா செரூலியா. படத்தில் காட்டும் நீலத்தை நேரில் எதிர்பார்க்காதீர்கள், ஏனெனில் அந்தப் படங்களில் பல திருத்தப்பட்டவை. இவை தவிர, உதட்டின் நிறம் பக்க இதழ்களின் நுனிக்கும் ஏறிய வடிவங்கள் உண்டு. இன்டர்மீடியாவின் அக்வினி என்ற வடிவம் அப்படிப்பட்டது. இன்று சந்தையில் காணும் தீற்றல் நிறக் கலப்பினங்களில் பல அதன் வழியாக வந்தவை. வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதல் பூவைக் காணும் முன் கூடுதல் விலை கொடுக்க நான் உடன்பட மாட்டேன். விதையிலிருந்து முதல் பூவுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அட்டையில் எதையும் எழுதலாம்.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இத்தனை பாடும் பட்டு அயல்நாட்டுப் பூவை ஏன் வளர்க்க வேண்டும் என்பது என் கேள்வி. சமவெளியின் மாமரங்களில் வாண்டா டெசலாட்டா என்ற ஆர்க்கிட் தானாகவே ஒட்டி வளர்கிறது. பழுப்பும் பச்சையும் கட்டம் கட்டமாக இழைந்த இதழ், நீலமோ ஊதாவோ ஆன உதடு, நல்ல மணம். எந்த வலையும் வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம்.

ஓசூர் நிழல்வலை எழுதியது:

மாந்தோப்பு அண்ணா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நம் காட்டு வாண்டாவைப் பெயர்த்து வரும் பழக்கத்தை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அது இருக்கும் மரத்திலேயே இருக்கட்டும். உங்கள் தோப்பில் காய்த்து வெடிக்கும் நெற்றில் ஆயிரமாயிரம் விதைகள் இருந்தாலும், அவற்றில் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. துணைப் பூஞ்சை அமைந்த சிலவே தப்பும். ஆகவே ஒரு செடியை எடுத்தால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். ஆசிரியர் ஐயா இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அக்காவின் மூன்று செடிகளுக்கு வருகிறேன். இரட்டை இலைச் செடியை வெளிச்சம் மிகுந்த கிழக்கு ஓரத்துக்கு மாற்றுங்கள்; அதுதான் உங்களுக்கு முதலில் பூக்கும் என்று எண்ணுகிறேன். அந்தக் கூட்டத்தில் பல இனங்கள், புதிய குருத்தின் அடியில் வேர் அரும்பும்போது தவிர மற்ற வேளைகளில் தொட்டி மாற்றினால் வேரை இழந்து நீண்ட காலம் அப்படியே நின்றுவிடும். ஆகவே அரும்பு தெரியும் வரை பொறுங்கள். ஆர்.எல்.சி. செடிக்கு மழைநீரும், இரவின் இருட்டும், வாரம் ஒரு முறை லிட்டருக்கு அரை கிராம் 19:19:19 உரமும் போதும். குள்ளச் சிவப்பை விற்கவோ எறியவோ வேண்டாம். அதன் முன்னோரில் காக்சினியாவின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து அது தாங்கலாம்; கோடையில் மாடியிலிருந்து இறக்கி, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கீழ்த்தளத்தின் கிழக்கு நிழலில் வையுங்கள். இரண்டு கோடை கடந்தும் பல்ப் சுருங்கிக்கொண்டே போனால், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வாங்குவதானால், வயோலேசியா, அக்லாண்டியே ஆகியவற்றின் வழிவந்த கலப்பினங்களையும், இரவில் மணக்கும் பிராசவோலா நோடோசாவும் பௌரிங்கியானாவும் கலந்த மைக்காய் என்ற பழைய கலப்பினத்தையும் தேடுங்கள். பின்னது வெப்பத்துக்கு அஞ்சாது, கொத்துக் கொத்தாகப் பூக்கும். விலையும் பொதுவாகக் கையைக் கடிக்காது. செடியைப் பிரிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று, நான்கு பல்புகளாவது இருக்கட்டும். ஒவ்வொரு செடிக்கும் முன்பாகக் கத்தியைத் தீயில் காட்டுங்கள். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் வைரஸ் நோய் கத்தி வழியாகத்தான் பெரிதும் பரவுகிறது, அதற்கு மருந்து இல்லை.